காயில் எரியுமுன்: காவிரி டெல்டாவின் சிறு செயலிகளில் குறுக்கீடும் விதிவிலக்கும்

மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. ஆனால் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களில் ஆழ்குழாய்க் கிணறு வைத்திருப்பவர்கள் அதற்கு முன்பே குறுவைக்கு நாற்று விட்டுவிடுவார்கள். ஆற்றுத் தண்ணீர் கிளை வாய்க்காலுக்கு வந்து சேரும்வரை அந்த நாற்றங்காலைக் காப்பாற்றுவது போர் மோட்டார்தான். இன்று அந்த மோட்டார்களில் பலவற்றை வீட்டிலிருந்தே கைபேசியால் போட்டு நிறுத்துகிறார்கள். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கும் சிறு மின்னணு அட்டைதான் அழைப்பை ஏற்கிறது, மும்முனை மின்சாரத்தைக் கவனிக்கிறது, ரிலேவை இழுக்கிறது. அறுவடை முடிந்து நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் அங்கே ஈரப்பதமானியிலும் மின்னணுத் தராசிலும் அதே வகைச் செயலிகள் உள்ளன. ஐப்பசி மழையை அளக்கும் தானியங்கி மழைமானியிலும் உண்டு.

இந்தக் கருவிகளை வாங்குகிறவர்கள் விலையையும் வசதியையும் பார்க்கிறார்கள். செய்கிறவர்கள் வேகத்தையும் நினைவகத்தையும் பேசுகிறார்கள். வயலில் இவற்றின் தரத்தைத் தீர்மானிப்பது வேறொன்று: எதிர்பாராதது நடக்கும்போது செயலி என்ன செய்கிறது? ஒரு பேஸ் போகிறது, மின்னழுத்தம் சரிகிறது, கம்பியில் இடியின் அதிர்வு ஏறுகிறது, நிரல் தவறான முகவரியைத் தொடுகிறது. இவற்றைச் செயலி எதிர்கொள்ளும் முறைக்கு இரண்டு பக்கங்கள் உண்டு: குறுக்கீடு, விதிவிலக்கு. முதல் பக்கத்தை நம் பொறியாளர்கள் நன்றாகக் கற்றிருக்கிறார்கள். இரண்டாம் பக்கம் நம் வகுப்பறைகளிலும் பட்டறைகளிலும் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் கிடக்கிறது. அந்தக் குறையை டெல்டாவின் கருவிகளை வைத்து எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டும் ஒன்றல்ல

செயலி ஒரு கட்டளைக்குப் பின் அடுத்த கட்டளை என்று ஓடிக்கொண்டிருக்கிறது. அப்போது வெளியிலிருந்து ஒரு சமிக்ஞை வந்து "இதைப் பார்" என்று கேட்டால் அது குறுக்கீடு. டைமர் நேரம் முடிந்தது, மோடத்திலிருந்து ஓர் எழுத்து வந்தது, ஒரு முனையின் நிலை மாறியது என்பவை எல்லாம் இந்த வகை. ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. எந்த இரண்டு கட்டளைகளுக்கு நடுவிலும் இவை வரலாம்.

விதிவிலக்கு உள்ளிருந்து பிறப்பது. செயலி நிறைவேற்ற முயன்ற கட்டளையே அதற்குக் காரணம்: பொருளற்ற கட்டளைக் குறியீடு, இல்லாத நினைவக முகவரி, அனுமதியற்ற இடத்தில் எழுதும் முயற்சி. அதே நிரலை அதே நிலையில் மறுபடி ஓட்டினால் அதே விதிவிலக்கு வரும்.

இரண்டையும் வன்பொருள் கையாளும் வழி ஏறக்குறைய ஒன்றே. நடந்துகொண்டிருந்த வேலையின் இடத்தைக் குறித்து வைக்கும். காரணத்துக்கு உரிய முகவரியை வெக்டர் அட்டவணையில் பார்த்து அங்கே தாவும். வேலை முடிந்ததும் பழைய இடத்துக்குத் திரும்பும். வழி ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒரே மாதிரி நினைத்துவிடுகிறோம். ஆனால் குறுக்கீட்டிலிருந்து திரும்புவது இயல்பு. விதிவிலக்கிலிருந்து அப்படியே திரும்பினால் அதே பிழைக்குள் மறுபடி விழுவோம். எனவே குறுக்கீட்டில் கேட்க வேண்டியது "எவ்வளவு சீக்கிரம்?" விதிவிலக்கில் கேட்க வேண்டியது "இனி என்ன?"

வந்த வழி

காலவரிசையில் முதலில் வந்தது விதிவிலக்கு. 1951 இல் வந்த யூனிவாக் கணினியில் கூட்டல் வரம்பு மீறினால் செயலி தானாகவே ஒரு திருத்த நிரலுக்குத் தாவியது. வெளிச்சாதனங்களுக்கான குறுக்கீடு 1954 இல் அமெரிக்கத் தேசிய தர நிர்ணய அலுவலகம் கட்டிய டைசியாக் கணினியில் வந்தது. 1950களின் இறுதியில் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா நெதர்லாந்தில் எக்ஸ்1 கணினிக்கான குறுக்கீட்டு நிரலை எழுதினார். அவருக்கு இருந்த அச்சம் இன்றும் நியாயமானது: குறுக்கீடு எந்தக் கணத்திலும் வரலாம் என்றால், ஒருமுறை தோன்றிய பிழையை மறுமுறை வரவழைத்துக் காட்ட முடியாது, சோதனையால் மட்டும் அந்த நிரலை நம்ப முடியாது. தஞ்சாவூர்ப் பட்டறையில் பத்து நாள் ஒழுங்காக ஓடிய அட்டை திருத்துறைப்பூண்டி வயலில் நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1969 ஜூலை 20 அன்று அப்போலோ 11 இறங்குகலம் நிலவை நெருங்கும்போது 1202 என்ற எச்சரிக்கை ஒளிர்ந்தது. ராடார் பக்கத்திலிருந்து வந்த தேவையற்ற சமிக்ஞைகள் கணினியின் நேரத்தில் ஒரு பங்கைத் தின்றுவிட்டன. வேலைப்பளு தாங்காத கணினி தன்னைத் தானே மறுதொடக்கம் செய்தது. முக்கியமில்லாத வேலைகளை விட்டுவிட்டு, கலத்தை இறக்கும் வேலையை மட்டும் தொடர்ந்தது. கலம் பத்திரமாக இறங்கியது. எது முக்கியம் என்று முன்கூட்டியே யோசித்து எழுதியிருந்ததால் கிடைத்த பலன் அது.

1996 ஜூன் 4 இல் ஏரியான் 5 ராக்கெட்டுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில் வரம்பு மீறி விதிவிலக்கு எழுந்தது. அதைக் கையாள அங்கே நிரல் இல்லை. அந்தக் கணக்கே ராக்கெட் கிளம்பிய பிறகு தேவையற்றது. ஆனாலும் திசை காட்டும் கணினி தன்னை நிறுத்திக்கொண்டது. மாற்றுக் கணினியும் அதே நிரலை ஓட்டியதால் அதுவும் நின்றது. கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகாத நிலையில் ராக்கெட் சிதறியது. பிழையைக் கண்டவுடன் நின்றுவிடுவது எல்லா இடத்திலும் பாதுகாப்பு ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

பாடப்புத்தகச் செயலிகள்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் பல தலைமுறை மாணவர்கள் 8085 செயலியில்தான் குறுக்கீட்டைக் கற்றார்கள். 1976 இல் இன்டெல் வெளியிட்ட அதில் ஐந்து குறுக்கீட்டு முனைகள். டிராப் என்பதைத் தடுக்கவே முடியாது. அதற்குப் பின் ஆர்எஸ்டி 7.5, 6.5, 5.5, கடைசியில் ஐஎன்டிஆர் என்று முன்னுரிமை வரிசை. டிராப் வந்தால் நிரல் முகவரி 36 க்குத் தாவும். மின்தடையை அறிவிக்கத் தகுந்த முனை அது. 1980 இல் வந்த 8051 இல் ஐந்து குறுக்கீட்டு மூலங்கள், இரண்டு முன்னுரிமை நிலைகள். வெக்டர் முகவரிகள் 3, 11, 19, 27, 35. இன்றும் மலிவான ஸ்டார்ட்டர் அட்டைகளில் 8051 வழிவந்த சில்லுகளையும் ஏவிஆர் சில்லுகளையும் காணலாம்.

இந்த மூன்றுக்கும் பொதுவான ஒரு குறையைப் பாடப்புத்தகம் அழுத்திச் சொல்வதில்லை. 8085 க்குப் பொருளற்ற கட்டளைக் குறியீடு கிடைத்தால் அது முறையிடாது. ஆவணத்தில் இல்லாத ஏதோ ஒன்றைச் செய்துவிட்டு மேலே போகும். 8051 இலும் ஏவிஆரிலும் தவறான கட்டளைக்கோ தவறான முகவரிக்கோ விதிவிலக்கு இல்லை. 1978 இன் 8086 இல் பூஜ்யத்தால் வகுத்தால் குறுக்கீடு உண்டு என்றாலும், பொருளற்ற கட்டளையை அதுவும் பிடிக்காது. ஆக, எந்தச் செயலிகளில் மாணவர் கை பழகுகிறதோ அவற்றில் தவறு நடந்தால் செயலி வாய் திறப்பதில்லை. குறுக்கீட்டைக் கற்றுக்கொண்டு விதிவிலக்கைக் கற்காமல் வெளியே வருவதற்கு மாணவரைக் குறை சொல்ல முடியாது.

புதிய செயலிகள் தந்தவை

2004 இல் ஆர்ம் நிறுவனம் அறிவித்த கார்டெக்ஸ்-எம்3 இந்தத் துறையின் பழக்கத்தையே மாற்றியது. குறுக்கீடு வந்தவுடன் எட்டுப் பதிவகங்களை வன்பொருளே ஸ்டாக் எனும் அடுக்கில் சேமித்துவிடும். வேகமான நினைவகம் இருந்தால் சமிக்ஞைக்கும் நிரலின் முதல் கட்டளைக்கும் இடையே 12 கடிகாரத் துடிப்புகள். 72 மெகாஹெர்ட்ஸில் இது ஒரு மைக்ரோ விநாடியில் ஆறில் ஒரு பங்கு. ஒன்று முடியும்போது இன்னொன்று காத்திருந்தால், சேமித்ததை எடுத்து மறுபடி சேமிக்காமல் நேரே அடுத்ததற்குப் போகும். அதற்கு 6 துடிப்புகளே போதும். முன்னுரிமை எண் குறையக் குறைய அவசரம் கூடும்: மறுதொடக்கத்துக்கு −3, தடுக்க முடியாத குறுக்கீட்டுக்கு −2, ஹார்ட் ஃபால்ட் எனும் கடும்பிழைக்கு −1.

இதில் நமக்கு மிக முக்கியமானது பிழைகளின் பாகுபாடு. நினைவகப் பாதுகாப்பு மீறல், பஸ் பிழை, பயன்பாட்டுப் பிழை என்று தனித்தனி விதிவிலக்குகள். எந்த முகவரியில், எந்தக் காரணத்தால் என்பதைக் காட்டும் பதிவகங்கள். பிழை செய்த கட்டளையின் முகவரி பெரும்பாலும் அடுக்கிலேயே இருக்கும். தவறு நடந்த இடத்தைச் செயலியே சொல்லிவிடுகிறது. கேட்கத்தான் ஆள் வேண்டும்.

ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பு இன்னும் எளிய வழியை எடுக்கிறது. அதன் எளிய முறையில் இரண்டு வகை நிகழ்ச்சிகளுக்கும் ஒரே நுழைவு. காரணப் பதிவகத்தின் உச்சி பிட் 1 ஆனால் குறுக்கீடு, 0 ஆனால் விதிவிலக்கு. வன்பொருள் திரும்ப வேண்டிய முகவரி, காரணம் போன்ற சிலவற்றை மட்டும் குறித்துவிட்டுக் குறுக்கீடுகளை அணைக்கும். மற்றப் பதிவகங்களைச் சேமிப்பது நிரலின் பொறுப்பு. சென்னை ஐஐடியில் காமகோடி தலைமையில் உருவான சக்தி செயலிகளும், சிடாக் நிறுவனத்தின் வேகா செயலிகளும் இந்தக் கட்டமைப்பைச் சேர்ந்தவை. சக்தி வரிசையின் மௌஷிக் சில்லு 2020 இல் வெளிவந்தது. நம் நாட்டிலேயே வடிவமைத்த செயலிகளின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை வடிவமைத்தவர்களிடமே கேட்டறிய முடியும் என்பது, விதிவிலக்கைக் கற்பிக்க நினைக்கும் ஆசிரியருக்குப் பெரிய வாய்ப்பு.

ஸ்டார்ட்டர் பெட்டி

இனிக் கருவிகளுக்கு வருவோம். மும்முனை மோட்டாரில் ஒரு பேஸ் போனால் மீதி இரண்டில் மின்னோட்டம் ஏறி, கவனிக்காவிட்டால் காயில் எரிந்துவிடும். காயில் கட்ட ஆகும் செலவைவிட, அந்த நாட்களில் நாற்று வாடுவதுதான் பெரிய இழப்பு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு சுழற்சி 20 மில்லி விநாடி. மூன்று பேஸ்களும் சேர்ந்து ஒவ்வொரு 3.3 மில்லி விநாடிக்கும் ஒருமுறை பூஜ்யத்தைக் கடக்கும். 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் செயலிக்கு ஒரு சுழற்சியில் 3,20,000 துடிப்புகள் கிடைக்கின்றன. நேரம் தாராளமாக இருக்கிறது. அதனால் பேஸ் இழப்பைக் கண்டுபிடிப்பதில் சிக்கல் வேகத்தால் வருவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார், போன பேஸிலும் தானே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கிக் காட்டும். மின்னழுத்தத்தை மட்டும் பார்க்கும் அட்டை ஏமாந்துபோகும். டைமர் குறுக்கீட்டில் மின்னோட்டத்தையும் அளந்து ஒப்பிடும் அட்டைதான் காயிலைக் காக்கும்.

மோடத்திலிருந்து வரும் எழுத்துகள் அடுத்த சோதனை. விநாடிக்கு 9,600 பிட் வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி. 1,15,200 வேகத்தில் 87 மைக்ரோ விநாடி. பரவலாகப் புழங்கும் ஏவிஆர் சில்லில் இரண்டு எழுத்துகளுக்கு மேல் தேங்க இடம் மிகக் குறைவு. 1,15,200 வேகத்தில் வேறொரு குறுக்கீட்டு நிரல் அரை மில்லி விநாடி பிடித்துக்கொண்டால், விவசாயி அனுப்பிய குறுஞ்செய்தியின் நடு எழுத்துகள் காணாமற்போகும். இங்கே சராசரிச் சுமையைக் கணக்கிட்டால் எல்லாம் நன்றாகவே தெரியும். 9,600 வேகத்தில் விநாடிக்கு 960 எழுத்து, ஒவ்வொன்றுக்கும் 5 மைக்ரோ விநாடி என்றால் மொத்தச் சுமை அரை விழுக்காடுகூட இல்லை. ஆனால் கருவியைக் கெடுப்பது சராசரிச் சுமை இல்லை. குறுக்கீடுகள் தொடர்ந்து அடைபட்டுக் கிடக்கும் மிக நீண்ட இடைவெளி. குறுக்கீட்டு நிரலைச் சுருக்கமாக எழுது, தகவலை வாங்கி வைத்துவிட்டு வெளியேறு, சிந்திக்கும் வேலையை முதன்மை நிரலுக்கு விடு என்ற விதி இதிலிருந்து பிறந்தது.

மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் கான்டாக்டர் விடுபடும் கணத்தில் கம்பியில் ஒரு மின்னதிர்வு பாயும். நீர்மட்டத்தைக் காட்டும் மிதவைச் சுவிட்சிலிருந்து பெட்டிவரை நீளும் கம்பி அதை அப்படியே செயலியின் முனைக்குக் கொண்டுவரும். ஒரு நிகழ்ச்சிக்கு ஆயிரம் குறுக்கீடுகள் எழுந்து முதன்மை நிரலுக்கு மூச்சுவிட நேரமில்லாமல் போகும். முதல் சமிக்ஞை வந்ததுமே அந்தக் குறுக்கீட்டை அணைத்துவிட்டு, 20 மில்லி விநாடி கழித்து டைமர் வழியாக முனையை மறுபடி பார்த்து உறுதிசெய்வதே நல்ல வழி. உண்மையில் மிதவைக்குக் குறுக்கீடே தேவையில்லை. தொட்டி நிரம்புவதும், தண்ணீரில்லாமல் மோட்டார் ஓடுவதும் விநாடிக் கணக்கில் நடப்பவை. வரப்பைச் சுற்றி வந்து மடையைப் பார்க்கும் ஆள் போல முதன்மை நிரல் ஒரு சுற்றில் பார்த்துக்கொண்டால் போதும். அவசரமில்லாததற்கெல்லாம் குறுக்கீடு கொடுத்தால் அவசரமானது காத்திருக்கும்.

மின்தடை மட்டும் உண்மையான அவசரம். மின்னழுத்தம் சரியும்போது ஒப்பீட்டுச் சுற்று ஒரு குறுக்கீடு தர வேண்டும். செயலிக்கு அப்போது மீதமிருப்பது மின்தேக்கியில் உள்ள சக்திதான். 1,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் 20 மில்லி ஆம்பியர் தேவையும் இருந்து, 2 வோல்ட் சரியும்வரை தாங்கினால் 100 மில்லி விநாடி கிடைக்கும். நிலையான நினைவகத்தில் ஒரு பைட் எழுத 3.4 மில்லி விநாடி ஆகும். மோட்டார் ஓடியதா நின்றதா, எத்தனை நேரம் ஓடியது என்பதைப் பதிந்துவிட இது தாராளம். இந்தச் சில வரிகளை எழுதாத அட்டை, மின்சாரம் திரும்பியதும் எதுவும் தெரியாமல் விழிக்கும், அல்லது விடிய விடிய நீரை இறைத்துக்கொண்டிருக்கும்.

மழைமானி

சாய்வாளி மழைமானியில் ஒரு சிறு வாளி நிரம்பிச் சாயும்போது காந்தச் சுவிட்ச் ஒருமுறை மூடித் திறக்கும். ஒரு சாய்வு 0.5 மில்லிமீட்டர் மழை என்று கொள்வோம். மணிக்கு 100 மில்லிமீட்டர் என்ற பெருமழையிலும் 18 விநாடிக்கு ஒரு சாய்வுதான். மீதி நேரமெல்லாம் செயலி உறக்கத்தில் இருக்கலாம். குறுக்கீடு எழுப்பும்போது எழுந்து, ஒன்றைக் கூட்டிவிட்டு மறுபடி உறங்கலாம். சூரியத் தகடும் சிறு மின்கலமும் கொண்ட கருவி மழைக்கால மாதங்களைத் தாண்டுவது இந்த உறக்கத்தால்தான்.

சுவிட்ச் மூடும்போது அதன் தகடுகள் சில மில்லி விநாடி துள்ளும். ஒரு சாய்வு மூன்றாக எண்ணப்படும். சாய்வுகளுக்கிடையே விநாடிகள் இருப்பதால், முதல் சமிக்ஞைக்குப் பின் 50 மில்லி விநாடி வருவதையெல்லாம் புறக்கணித்தால் கணக்கு சரியாகும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் கரையைக் கடந்தபின் அப்பகுதியில் மின்சாரம் பல நாட்கள் இல்லை. அத்தகைய நாட்களில் மழைமானி செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டு: பிழை கண்டதும் மறுதொடக்கம் செய்து எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குவது. வாய்க்கால் மதகைத் திறப்பவரும் பயிர்ச் சேதம் கணக்கெடுப்பவரும் அந்த எண்ணையே நம்புகிறார்கள். மழை பெய்யவில்லை என்று காட்டும் பொய்யான பூஜ்யம், தகவலே இல்லாததைவிடக் கெடுதல் செய்யும்.

கொள்முதல் நிலையத் தராசு

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் 40 கிலோ மூட்டையாக எடைபோடப்படுகிறது. தராசில் வைக்கப்படும் எடை ஒரு 16 பிட் மாறியில் கிராமாகச் சேமிக்கப்படுவதாகக் கொள்வோம். எட்டு பிட் செயலி அதை ஒரே வீச்சில் படிக்க முடியாது. மேல் பைட், கீழ் பைட் என்று இரண்டாகப் படிக்கும். எடை 39,935 இல் இருக்கிறது: மேல் பைட் 155, கீழ் பைட் 255. முதன்மை நிரல் கீழ் பைட்டைப் படித்த கணத்தில் குறுக்கீடு வந்து எடையை 39,936 ஆக்குகிறது: மேல் 156, கீழ் 0. திரும்பி வந்த நிரல் புதிய மேல் பைட்டைப் படிக்கிறது. கிடைப்பது 156 உம் 255 உம் சேர்ந்த 40,191. ஒரு கிராம் மாற்றத்துக்குக் கால் கிலோ பிழை. மறுபக்கம் நடந்தால் 39,680. இந்தப் பிழை சோதனையில் அகப்படாது. எடை அந்த எல்லையைத் தாண்டும் கணமும் நிரல் படிக்கும் கணமும் ஒன்றாக வர வேண்டும். மூட்டை மேல் மூட்டையாக நாள் முழுதும் எடைபோடும் இடத்தில் அது என்றைக்காவது வந்தே தீரும். மருந்து எளியது: படிக்கும் அந்தச் சில துடிப்புகளுக்குக் குறுக்கீட்டை அணைத்துவிட்டு, மாறி எந்நேரமும் மாறக்கூடியது என்று தொகுப்பானுக்கும் சொல்லிவிட வேண்டும்.

குறுக்கீடு இன்னொரு வழியிலும் இங்கே தொல்லை தரும். எச்எக்ஸ்711 என்ற 24 பிட் அளவீட்டுச் சில்லு மலிவான தராசுகளில் பரவலாகப் பயன்படுகிறது. எண்ணைத் தர இதற்குக் கடிகாரத் துடிப்புகள் வேண்டும். ஒரு துடிப்பு 60 மைக்ரோ விநாடிக்கு மேல் உயர்ந்தே நின்றால் சில்லு உறங்கிவிடும். துடிப்பு உயர்ந்திருக்கும் கணத்தில் ஒரு நீண்ட குறுக்கீடு புகுந்தால் கிடைக்கும் எடை குப்பை. நன்றாக எழுதப்பட்ட குறுக்கீட்டு நிரலும், சேரக்கூடாத இடத்தில் சேர்ந்தால் இப்படிக் கெடுத்துவிடும். ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே சோதிப்பது போதாது.

பேசாத பிழைகள்

பூஜ்யத்தால் வகுத்தால் செயலி கூச்சலிடும் என்று பலர் நம்புகிறார்கள். கார்டெக்ஸ்-எம்3 இல் அதற்கான பிட்டை நாமே இயக்கினால் ஒழிய, முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் விடை பூஜ்யம் என்று சொல்லிவிட்டு மேலே போகும். ரிஸ்க்-ஃபைவில் எந்த விதிவிலக்கும் எழாது. எல்லா பிட்டும் ஒன்றாக நிரம்பிய விடை, அதாவது −1 வரும். தராசின் அளவுத்திருத்த எண் அழிந்து பூஜ்யமானால் ஒரு செயலியில் எடை பூஜ்யம் என்றும் இன்னொன்றில் அபத்தமாகவும் தெரியும். செயலி மாற்றிச் செய்யும் சிறு தொழிற்கூடங்கள் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும்.

அடுக்கு நிரம்பி வழிவது இன்னொரு பேசாத பிழை. சிறிய ஏவிஆரில் மொத்த நினைவகமே 2 கிலோபைட். ஒரு குறுக்கீட்டுக்குள் இன்னொன்று வர அனுமதித்தால் ஒவ்வொன்றும் அடுக்கில் இடம் பிடித்து, இறுதியில் மாறிகளின் மேல் எழுதிவிடும். கார்டெக்ஸ்-எம் செயலியில் அடுக்கை நினைவகத்தின் அடிமட்டத்தில் வைத்தால், அது நிரம்பும்போது இல்லாத முகவரியைத் தொட்டு விதிவிலக்கு எழும். மறைந்திருக்கும் தவறு காசு செலவில்லாமல் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

இவற்றுக்கெல்லாம் ஒரே மருந்தாகப் பலர் நம்புவது வாட்ச்டாக் டைமர். முதன்மை நிரல் குறித்த நேரத்துக்குள் அதைத் தொடாவிட்டால் அது செயலியை மறுதொடக்கம் செய்யும். ஆனால் டைமர் குறுக்கீட்டுக்குள்ளேயே அதைத் தொட்டுவிடுகிற நிரல்கள் ஏராளம். முதன்மை நிரல் செத்துக் கிடந்தாலும் குறுக்கீடு ஓடிக்கொண்டிருக்கும்; காவல் இருந்தும் பயனில்லை. ஒவ்வொரு வேலையும் தன் பங்கை முடித்ததாகக் குறி வைத்த பிறகே முதன்மை நிரல் அதைத் தொட வேண்டும். மறுதொடக்கத்துக்குப் பின் முதல் வேலை, ஏன் மறுதொடக்கம் என்று பார்ப்பது: மின்சாரம் வந்ததாலா, மின்னழுத்தம் சரிந்ததாலா, வாட்ச்டாக்காலா? ஏவிஆரில்கூட இதைச் சொல்லும் பதிவகம் உண்டு. அதைப் படித்துச் சேமிக்காத கருவி தன் நோயைத் தானே மறைக்கிறது. பழுது பார்ப்பவர் அட்டையை மாற்றித் தருவார். நோய் அடுத்த அட்டையிலும் இருக்கும்.

பாதுகாப்பான நிலையை யார் சொல்வது?

விதிவிலக்கு எழுந்தால் "பாதுகாப்பான நிலைக்குப் போ" என்று எல்லா நூலும் சொல்லும். அந்த நிலை எது என்று செயலிக்குத் தெரியாது. நிரல் எழுதுபவருக்கும் வயலைக் கேட்காமல் தெரியாது. மோட்டாருக்கு நிறுத்தம் பாதுகாப்பு. ஆனால் நின்றதை உரியவருக்குச் சொல்லாமல் நின்றால் காலையில் நாற்று வாடியிருக்கும். மழைமானிக்கு எண்ணிக்கையைக் காப்பது பாதுகாப்பு. தராசுக்குத் தவறான எண்ணைக் காட்டுவதைவிடத் திரையை வெறுமையாக்குவது பாதுகாப்பு. ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் நெல் திருப்பி அனுப்பப்படலாம் என்ற நிலையில், சந்தேகமான அளவீட்டை ஈரப்பதமானி அளவீடாகவே காட்டக் கூடாது. "மறுபடி அள" என்று சொல்ல வேண்டும். ஒரே சில்லு, ஒரே விதிவிலக்கு, நான்கு வெவ்வேறு சரியான விடைகள்.

அதனால்தான் இந்த வேலை டெல்டாவிலேயே நடக்க வேண்டும் என்று கருதுகிறேன். ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பத்துக்கான நிஃப்டெம் நிறுவனம் இருக்கிறது. திருமலைசமுத்திரத்தில் சாஸ்த்ராவும் சுற்றிலும் பல பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் உள்ளன. வேளாண்மைப் பொறியியல் துறை கைபேசி ஸ்டார்ட்டர்களுக்கு மானியம் தருகிறது. நெல்லை அறிந்தவர்களும் செயலியை அறிந்தவர்களும் ஒரே பேருந்துத் தடத்தில் இருக்கிறார்கள்.

செய்ய வேண்டியவை நான்கு. முதலாவது, ஆய்வகப் பாடத்தில் ஒவ்வொரு குறுக்கீட்டுப் பயிற்சிக்கும் இணையாக ஒரு விதிவிலக்குப் பயிற்சி வேண்டும்: இல்லாத முகவரியைத் தொடு, எழுந்த பிழையைப் படி, காரணமான கட்டளையைக் கண்டுபிடி. கார்டெக்ஸ்-எம் அட்டையும் ரிஸ்க்-ஃபைவ் அட்டையும் மாணவர் வாங்கும் விலையில் கிடைக்கின்றன. இரண்டாவது, வயல் கருவி எதுவானாலும் கடைசியாக ஏன் நின்றது என்பதைச் சேமித்து வைத்து, பொத்தானை அழுத்தினால் தமிழில் காட்ட வேண்டும்: "பேஸ் இல்லை", "மின்னழுத்தம் குறைவு", "உள்பிழை". மூன்றாவது, மானியத்துக்குத் தகுதியான கருவிகளின் விதிமுறையில் மின்தடை, பேஸ் இழப்பு, கான்டாக்டர் அதிர்வு ஆகியவற்றின்போது கருவி நடந்துகொள்ளும் முறையும் சோதிக்கப்பட வேண்டும். நான்காவது, பாதுகாப்பான நிலை எது என்பதை விவசாயியிடமும் கொள்முதல் நிலைய எழுத்தரிடமும் கேட்டு எழுதிவிட்டு, அதன்பிறகே நிரலைத் தொடங்க வேண்டும்.

குறுக்கீட்டின் வேகத்தைச் சில்லு செய்பவர்கள் நமக்காகத் தீர்த்துவைத்துவிட்டார்கள். 12 துடிப்பை 10 ஆக்குவதால் டெல்டாவில் ஒரு மோட்டாரும் கூடுதலாகப் பிழைக்கப்போவதில்லை. தவறும்போது எப்படித் தவறுவது என்பதை எந்தச் சில்லும் நமக்காகத் தீர்மானித்துத் தராது. அந்தத் தீர்மானம் தண்ணீர் பாய்ச்சுகிறவரின் அறிவிலிருந்து வர வேண்டும். அதை நிரலாக எழுதும் பொறுப்பு இம்மண்ணில் படித்த பொறியாளர்களுடையது.